ஹனோவர் புத்தகத்தில் ஒரு பெயர்

என் மகளின் வகுப்பில் குடும்பப்பெயர்களின் தோற்றத்தையும் பரம்பலையும் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கணினியில் ஒரு பெயரை அடித்தால், ஜெர்மனியில் அது எங்கெங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது என்று வரைபடம் காட்டிவிடுகிறது. ஒன்பது வயதில் அதே வேலையைத் தொலைபேசிப் புத்தகத்தில் செய்து பிழைவிட்டவள் நான்.

அப்போது ஜெர்மனியின் ஹம் நகரில், எங்கள் கீழ்வீட்டில் ஒரு யூத முதியவர் தனியாக இருந்தார். வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு முதுமையில் ஊர் திரும்பியவர். அம்மா அவரைக் கீழ்வீட்டு ஐயா என்பார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவ்வளவு அரிதான பெயரை எழுதினால் ஆளையே காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஹம் ஊர்த் தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயரில் அவர் மட்டுமே இருந்தார்.

எங்கள் குடும்பப்பெயர் அப்பாவின் சொந்தப் பெயர்தான் என்று நான் சொன்னபோது, தன் முன்னோரும் ஒருகாலத்தில் அப்படித் தகப்பன் பெயரையே வைத்துக்கொண்டவர்கள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நாங்கள் பெரியம்மாவைப் பார்க்க ஹனோவர் போவதை அறிந்து, அந்த ஊர்ப் புத்தகத்தில் தன் உறவுக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவரச் சொன்னார்.

பார்த்தேன். அந்தப் பெயரில் ஒரு பெண் இருந்தார். அப்பாவின் பெயரிலும் மூவர் இருந்தார்கள். ஒருவர்கூட எங்களுக்குச் சொந்தமில்லை. ஆகவே அந்தப் பெண்ணும் ஐயாவுக்குச் சொந்தமாக இருக்க முடியாது என்று எண்ணி, அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் குறித்து, பள்ளிக் கொப்பியில் ஒழுங்காக எழுதினேன்: பெயர் ஒன்று, உறவு இல்லை. திரும்பியதும் உறவுக்காரர் இல்லை என்று ஐயாவிடம் அறிவித்தேன். நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினார். மூன்று நாளாக அவருடைய யன்னல் திரை திறக்கவில்லை.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"ஒராள் இருக்கெண்டு எழுதியிருக்கிறாய். பிறகேன் இல்லையெண்டு சொன்னனி?"

அப்பா என் பக்கம் நின்றார். "பிள்ளை சொன்னது சரிதானே. என்ர பேரில ஊர் முழுக்க ஆக்கள். எல்லாரும் எங்கட சொந்தமே?"

"நீங்கள் சும்மா இருங்கோ. பிள்ளை, நீ கொண்டுபோய்க் குடு. சொந்தமோ இல்லையோ எண்டு அந்த மனுசன் பாக்கட்டும்."

ஐயா அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். இருநூறு வருடத்துக்கு முன் அரசு யூதர்களிடம் நிலையான குடும்பப்பெயர் கேட்டபோது, அவருடைய முன்னோர் ஒருவர் தாம் விட்டுவந்த சிறு கிராமத்தின் பெயரைக் கொடுத்தாராம். வேறு எவரும் அதை எடுக்கவில்லையாம்.

"இந்தப் பெயர் யாருக்கு இருந்தாலும், அவர் எங்கள் வீட்டுப் பிள்ளை," என்றார்.

இலக்கத்தைச் சுழற்றினார். இந்த நாட்டில் தொலைபேசியை எடுப்பவர் முதலில் தன் குடும்பப்பெயரைத்தான் சொல்வார். ஒரு பெண்குரல் ஐயாவின் பெயரைச் சொல்வது எனக்கும் கேட்டது. அவரும் அதையே சொன்னார். பேசி முடித்து என்னிடம் திரும்பினார்.

அவருடைய தம்பியின் மகளாம், அவள் பிறந்ததே அவருக்குத் தெரியாதாம். போருக்கு முன்பு ஹம்மில் மட்டும் தாங்கள் பதினொரு பேர் இருந்ததாகச் சொன்னார். இலங்கையிலிருந்து எங்கள் ஆட்கள் லண்டனுக்கும் கனடாவுக்கும் போனதுபோல அவர்களும் இடம் மாறியிருப்பார்கள் என்று எண்ணினேன். அடுத்த மாதம் சித்தப்பாவிடம் ஆஹெனுக்குப் போகிறோம், மற்றவர்களை அங்கே தேடிப் பார்க்கிறேன் என்றேன். பார் என்றார்.

ஆஹென் புத்தகத்தை இரண்டு தடவை பார்த்தேன், அந்தப் பெயர் இல்லை. நான்தான் எங்கோ தவறவிட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.