தொடை வந்தது, மடி வரவில்லை

மழை நாளில் தோட்டத்துச் சாலையில் செம்பனை மட்டை மேல் மோட்டார் சைக்கிள் வழுக்கி, என் வலது தொடை எலும்பு முறிந்தது. பகாவ் ஊரிலிருந்து தங்கச்சி ஓடி வந்து அழுதாள். அழுத கையோடு, "அண்ணே, பாப்பாவுக்குக் காது குத்தணுமே" என்றாள். நான் பிழைத்ததைவிட அவளுக்கு அதுதான் பெரிசு. எனக்கும்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்.

மருத்துவமனையில் எனக்குக் கால் மடக்கப் பழக்கியது ஒரு தமிழ்ப்பிள்ளை. பஹா எப்படி அங்கிள் என்று தொடையை மலாயில் சொல்லிக் கேட்டுக்கொண்டே வருவாள். ஒரு முடிகூட நரைக்காதவனுக்கு அங்கிளாம்! தொடை என்று சொல்லம்மா, இடுப்பையும் முழங்காலையும் தொடுத்து நிற்பதால் தொடை, பூத் தொடுக்கிற மாதிரி என்று விளக்கினேன். எங்கள் தோட்டப் பள்ளி வாத்தியார் சொன்னது. சரியோ தப்போ, இன்றுவரை நம்புகிறேன். அவள் சிரித்தாள். "அப்ப உங்களுக்கு ஸ்க்ரூ போட்டுத் தொடுத்தாச்சு. இப்ப மடக்குங்க லா."

மடங்கினால்தானே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொடை எந்நேரமும் உடம்போடு இருக்கிறது. மடி அப்படியில்லை, காலை மடக்கி உட்கார்ந்தால் வரும், எழுந்தால் போய்விடும். மடிவதால்தான் அது மடி. எனக்குத் தொடை திரும்பி வந்துவிட்டது, மடி இன்னும் வரவில்லை.

இதற்குள் வீட்டில் வேறு பேச்சு ஓடியது. நீலாயில் தொழிற்சாலை வேலை பார்க்கும் சித்தப்பா மகனை உட்கார வைக்கலாம், அவனும் மாமன் முறைதானே என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கத்தினேன். நாற்காலி போடுங்கள் என்றால், சாமி முன்னால் மணையில்தான் உட்கார வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

காது குத்து அன்று, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சித்தப்பா மகன் பட்டு ஜிப்பாவோடு தயாராக நின்றான். நான் யாரையும் கேட்கவில்லை. தூணைப் பிடித்து இறங்கி மணையில் உட்கார்ந்துவிட்டேன். இடது கால் மடங்கியது. வலது கால் விறைத்து நீட்டிக்கொண்டு கிடந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பாப்பாவை இடது பக்கம் வைத்தார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். வீறிட்டு நழுவிய பிள்ளை, நீட்டியிருந்த என் வலது தொடையில் குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. தூக்கப் போனார்கள், அது விடவில்லை. மற்ற காதையும் ஆசாரி அங்கேயே வைத்துக் குத்தினார். அதற்குக் காது வலி, எனக்குக் கால் வலி, இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தப்பா மகன் பக்கம் திரும்பினாள்.

"நீ போய்ச் சாப்பிடு தம்பி. எங்கண்ணன் மடி இருக்கு."