மேகத்துக்குள்ள ஒரு வழி

என் வீட்டுக்காரர் ஆகாயத்துல வழி போடுறவர்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. எங்க ஊரைச் சுத்தி மலை. மேகம் இறங்கிட்டா பைலட்டுக்கு ஒண்ணும் தெரியாது. எந்தப் பக்கமா வந்து எவ்வளவு கீழே இறங்கலாம்னு இவர்தான் வரைஞ்சு கொடுப்பார். அந்த உயரத்துக்கு வந்தும் ஓடுதளம் கண்ணுல படலைன்னா, மேலே ஏறித் திரும்பிடணும்.

எங்க மக வெளியூர்ல நர்ஸ். லீவு கிடைக்கிறதே பெரும்பாடு. அப்படியும் ரெண்டு தடவை கிளம்பி வந்தா. அவ வந்த விமானம் ரெண்டு தடவையும் வீட்டுக்கு மேலயே உறுமிட்டுத் திரும்பிப் போயிடுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. நல்ல வழி போட்டீங்க போங்கன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனுஷன் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கிட்டு, விமானம் இறங்குற வழியில இருக்கிற மேட்டுல மரம் எவ்வளவு உயரம் இருக்கும்னு என்னைக் கேக்கிறார்.

விடிஞ்சதும் விடியாததுமா அந்த மேட்டுல ஏறினார். அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க நானும் கூடப் போனேன். அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம். அப்புறம் மேட்டை அளந்தவங்களைத் தேடிப் பிடிச்சு விசாரிச்சார். அவங்க மரத்து உச்சி வரைக்கும் அளந்துதான் எழுதியிருக்காங்க. இவர் அதை மண்ணோட உயரம்னு நினைச்சு, வழக்கம்போல மரத்துக்குன்னு தனியாக் கூட்டியிருக்கார். மரத்து மேல இன்னொரு மரம்! அதனால விமானமெல்லாம் தேவையில்லாம உயரத்துலயே திரும்பியிருக்கு.

உயரம் கூடத்தானே போச்சு, ஆபத்தில்லையே, விட்டுடுங்கன்னாராம் மேலதிகாரி. இவர் கேக்கலை. திருத்தினார். ஆனா அதோட விடாம, வேற ஒருத்தரையும் முதல்லேருந்து கணக்குப் போடச் சொன்னார். ஏன்னு கேட்டேன்.

"பொண்ணைப் பார்க்கணும்னு எனக்கு ஆசை இருக்கு. அது கணக்குல கலந்துடக் கூடாது."

திட்டினதை நினைச்சுக்கிட்டு அவர் தட்டுல இன்னொரு தோசை வச்சேன்.

சோதனை விமானம் பறந்து பார்த்து, புது வழி நடைமுறைக்கு வந்துது. மக மறுபடி லீவு வாங்கிக் கிளம்பின அன்னைக்கும் பாழாப்போன மேகம். விமான நிலையத்துல நிக்கிறோம். சத்தம் கிட்ட வருது. இவர் கண்ணை மூடிக்கிட்டார். விமானம் இறங்கிடுச்சுன்னு நான் சொன்னதும்தான் திறந்தார்.

மக ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கிட்டா. இவரோ, பின்னாடி வந்த பைலட்டை நிறுத்தி, ஓடுதளம் எப்போ தெரிஞ்சுதுன்னு கேக்கிறார். பெத்த பொண்ணு வந்திருக்கா, கேக்கிற கேள்வியைப் பாருங்க.

"கடைசி நேரத்துலதான் சார். பழைய உயரமா இருந்தா இன்னைக்கும் திரும்பியிருப்போம்."

அவ்வளவுதான், மகளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லை. அதான் பொண்ணு வந்துட்டாளேன்னு தேத்தினேன்.

"நம்ம பொண்ணு வந்துட்டா. இத்தனை நாளா திரும்பிப் போனவங்க யாரைப் பார்க்க வந்தாங்களோ."