தெமிட்டுக்கு வெட்டிய குழி

நம்பினால் நம்புங்கள், அந்தக் குழிக்குள் நின்றவன் நான். குடித்திருந்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். உக்ரைனில் எங்கள் பக்கம் குழி வெட்டுகிறவனுக்குப் புதைத்து முடித்த பிறகுதான் வோட்கா ஊற்றுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது, அக்டோபர். செத்தவன் தெமிட். முப்பத்து மூன்றாம் வருடப் பஞ்சத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களோடு வீடு வீடாக நுழைந்து, தானியத்தை அள்ளிக்கொண்டு, அடுப்பிலிருந்த கஞ்சியையும் கவிழ்த்துவிட்டுப் போனவன். பிறகு பிணவண்டி ஓட்டினான். ஒரு பிணத்துக்கு இவ்வளவு என்று ரொட்டிக் கூலி. அதற்கப்புறம் சாகிற வரைக்கும் நெஞ்சில் பதக்கம். பஞ்சம் என்று நாங்கள் வாயைத் திறந்தால் ஜெயில்.

கல்லறைத் தோட்டத்தில் இடமே இல்லை. ஒரு மூலை மட்டும் காலி. அங்கே யாரும் புதைப்பதில்லை. அவன் மகன் வலேரி அதைத்தான் காட்டினான். கூட்டுப்பண்ணைத் தலைவன் அல்லவா, யார் சொன்னாலும் கேட்க மாட்டான்.

நானும் கூடக் குழி வெட்டுகிற ஓமெல்கோவும் இடுப்பளவு தோண்டியிருந்தோம். பகல் பதினொன்றரை.

டொக்... டொக்...

காலடியில்.

"வேராடா?"

"மரமே இல்லையேடா மூதேவி, வேரு எங்கேருந்து வரும்?"

மண்ணில் காதை வைத்தேன். யாரோ தட்டுகிறார்கள். உயிரோடு! வெறிபிடித்தவன் மாதிரி மேலும் ஒரு முழம் தோண்டினேன். வெறும் கரிசல். சத்தம் இன்னும் கீழே போனது...

அதற்குள் ஊர்வலம் வந்துவிட்டது. அவன் பிணத்துக்கு பேண்டு வாத்தியம் வேறு. பெட்டியை இறக்கினோம்.

டொக். டொக். டொக்.

இப்போது பெட்டிக்குள்.

"தலைவரே, திறந்து பாத்துருவோம். உசிரு இருந்தா?"

"செத்து மூணு நாளாச்சுடா. மூடு!"

வலேரி பேச்சை யார் மதித்தார்? குதித்தேன். மண்வெட்டியால் ஆணிகளை நெம்பினேன்.

செத்துத்தான் கிடந்தான். சில்லென்று.

தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி அவிழவில்லை.

உதட்டை விலக்கினேன். வாய் நிறைய மண்.

மூடினோம்.

சாவுச் சாப்பாட்டில் அவன் வீட்டு ரொட்டியை ஊரில் ஒருவரும் தொடவில்லை. வேலியோரம் நின்ற பால்பண்ணை யாவ்தோகாவிடம் போனேன்.

"அந்த மூலையில என்னக்கா இருக்கு?"

வீட்டைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

"முப்பத்து மூணுல அவன் வண்டியைக் கவுத்த குழி. பாதிப் பேருக்கு உசிரு இருந்துச்சு. எங்கம்மாவுக்கும்தான். உள்ளேருந்து தட்டினாங்க. தோண்டிரலாம்னு நாங்க ஓடினோம்."

"அப்புறம்?"

"விட்டாத்தானே அந்த நாயி? துப்பாக்கியை மடியில வச்சுக்கிட்டு, சத்தம் நிக்கிற வரைக்கும் அந்த மண்ணு மேலயே உக்காந்து ரொட்டி தின்னான்."