நெல்லுக்குருவி வந்த வாசல்

கொஸ்லந்தைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நெல் விளையாது. ஆனாலும் அறுவடைக் காலத்தில் கீழே சிங்கள ஊர் வயலுக்குப் போய், ஒரு பிடி கதிர் கேட்டு வாங்கிவந்து லயத்து வரிசைவீடுகளின் வாசலில் கட்டிவிடுவோம். கடல் தாண்டி வரும்போது எதையெதையோ விட்டுவந்தோம், இந்தப் பழக்கத்தை மட்டும் விடவில்லை. நெல்லுக்குருவிகள் கூட்டமாக வரும். கட்டைவிரல் பருமன்தான். ஆனால் அந்தத் தடித்த அலகால் நெல்லை உரித்து, அரிசியை விழுங்கிவிட்டு உமியை நம் தலையில் போடும். அவ்வளவு திமிர்.

ஆத்தா வந்த வீட்டில் அந்தக் குருவி உட்காராது என்று லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். ஆத்தா என்றால் அம்மை. அதைச் சத்தமாகச் சொல்லமாட்டோம்.

அந்த வருஷம் மேல் லயத்தில் அம்மை கண்டது. கண்டவர்களை ஆற்றோரக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். போன மூன்று பேரும் திரும்பவில்லை. பிறகு தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் கங்காணி வாசல் வாசலாகப் பார்த்துக்கொண்டு போவார். வேப்பிலை தொங்குகிறதா, குருவி வருகிறதா? அவருக்குத் தெரிந்த சோதனை அவ்வளவுதான்.

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் நெற்றியில் முத்துப் போட்டது.

"ஏங்க, கொட்டகைக்கு மட்டும் அனுப்பிறாதீங்க. புள்ள அங்க தனியா கெடந்து செத்துரும்" என்று என் மனைவி காலைப் பிடித்தாள். நான் மட்டும் அனுப்பவா இருந்தேன்? வேப்பிலை கட்டவில்லை. பழைய கதிரை எறிந்துவிட்டுப் புதுக்கதிர் கட்டினேன். மகளை உள்மூலையில் படுக்கவைத்தோம். மனைவியிடம் இருந்ததே இரண்டு சேலை. கட்டியிருந்தது போக மற்றது இரவில் மகளுக்குப் போர்வை, பகலில் வாசலுக்குத் திரை.

குருவி வராது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். வந்தன. பத்துப் பதினைந்து வந்து உட்கார்ந்து கொறித்தன. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. இந்தக் குருவிகளை நம்பி இதுவரை எத்தனை வீட்டுக்குள் தைரியமாகப் போய்வந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

கங்காணி வந்தார். "குருவி வருதே, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே மனைவி மகளின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் காம்பரா அறையில் இருந்தவள் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் காய்ச்சலில் போனபிறகு, கைக்குழந்தை ஒன்றுதான் அவளுக்கு. அம்மைப் பயம் வந்ததிலிருந்து பிள்ளையை வேறு எந்த வாசலுக்கும் கொண்டுபோக மாட்டாள். எங்கள் வாசலுக்கு மட்டும் வருவாள்.

"குருவி வர்ற வீடுண்ணே, இங்க பயமில்ல" என்பாள். பிள்ளை குருவியைப் பார்த்துக் கைதட்டும். திரைச் சேலையை இழுத்து வாயில் வைக்கும்.

வராதே என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் தெரிந்தால் என் மகள் கொட்டகைக்குப் போவாள். "குளிருது, புள்ளைய தூக்கிட்டுப் போம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். நான் கோழை. அதற்கு வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

மகளுக்குப் பொருக்கு உதிர்ந்தது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அதே வாரம் பக்கத்துக் காம்பராவின் கதவு சாத்திக் கிடந்தது.

அவள் எதையும் மறைக்கவில்லை. பிள்ளைக்கு முத்துப் போட்டதும் தானே போய்க் கங்காணியிடம் சொல்லிவிட்டாள். கொட்டகைக்குப் பிள்ளையோடு தானும் கிளம்பினாள். போகிற வழியில் எங்கள் வாசலுக்கு எட்டவே நின்றாள். எங்களுக்கு ஒட்டிவிடக் கூடாதாம்.

"அண்ணே, எங்க வாசல்ல கதிரு கட்டாம உட்டுட்டேன். அதான் இப்பிடி ஆயிருச்சு. நீங்க ரெண்டு கதிரு கட்டி வைங்க. குருவி வந்துச்சுன்னா ஆத்தா எறங்கிருவா. புள்ளையோட வந்துர்றேன்."

அன்றைக்கே கட்டினேன். மறுநாள் காலையில் குருவிகள் வந்தன. கதிர் மொட்டையாகும்வரை தினமும் வந்தன. அந்த வாசலில் குவிந்த உமியைப் பெருக்க யாரும் வரவில்லை.