வெள்ளைப் பவுடர் போட்ட மண்

வீதி கூட்டி, சாக்கடைக் கான் கழுவியே என் வயது போனது. மஹய்யாவையில் எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அதுதான் வேலை. கழுவிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவுவோம். வெள்ளையாகத் தெரிந்தால்தான் வேலை முடிந்ததாக ஒத்துக்கொள்வார்கள். கை அப்படியே பழகிவிட்டது.

பென்சன் வாங்கிய பிறகு கடுகண்ணாவையில் வாகனம் கழுவும் இடமொன்றில் காவலுக்குப் போனேன். பின்பக்கம் சரிவு. பல வருடம் ஊற்றிய பழைய ஒயில் மண்ணில் ஊறிக் கிடந்தது. சரிவுக்குக் கீழே தனியாக ஒரு பெண் இருந்தார். என்னை அண்ணே என்பார். மழை பெய்தால் அவர் கிணற்றில் ஒயில் மிதக்கும்.

அவர் முறைப்பாடு செய்தார். முதலாளி, மண்ணைப் பற்றிப் படித்த ஒரு மிஸ்ஸைக் கூட்டி வந்தார்.

"இந்த மண்ணுலயே ஒயிலத் தின்னுற கிருமி இருக்கு ஐயா. சாணியும் வைக்கோலும் போட்டு, ஈரமா வச்சி, கிளறி விட்டா போதும். மிச்சத்த அது பாத்துக்கும்."

கிருமியைக் கொன்றே பழகியவன் நான். இப்போது அதை வளர்க்கச் சொன்னார்கள். வளர்த்தேன். கீழே இருந்த பெண் வேலிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார்.

"கிருமிக்கெல்லாம் சாப்பாடு போடுறீங்களாமே அண்ணே! எனக்கு ஒரு பிளேன்டீ ஊத்த ஆளில்ல."

மூன்று மாதத்தில் ஒயில் நாற்றம் குறைந்தது. மண்ணைக் கையில் எடுத்தால் மண் வாசம் வந்தது. கிணற்றிலும் படலம் குறைந்தது.

ஒரு நாள் சுகாதாரப் பரிசோதகர் வருவதாகச் சொன்னார்கள். "இடத்தச் சுத்தமா வைங்க" என்றார் முதலாளி. சாணி போட்ட மண், ஈக்கள். எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைச் சரிவு முழுக்கத் தூவி, தண்ணீரும் அடித்தேன். வந்தவர் நல்லது என்று சொல்லிப் போனார்.

இரண்டு வாரம் கழித்து மிஸ் வந்தார். மண்ணைக் கிளறிப் பார்த்து, வெகுநேரம் குந்தியிருந்தார்.

"செத்துப்போன மாதிரி இருக்கே ஐயா. ஏதாச்சும் போட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இல்ல மிஸ்," என்றேன்.

அவர் மறுபடி தொடங்கலாம் என்றார். முதலாளி கேட்கவில்லை. "கிருமியாம், கிருமி! மழைக்கு முந்தி முடியும்னீங்க. போதும் மிஸ்." அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

மழை வந்தது. கிணறு மறுபடி கறுத்தது. கடைசியில் அந்தப் பெண் மண் போட்டு மூடிவிட்டார்.

இப்போது ரோட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார். கேனை நான்தான் கீழே தூக்கிக் கொடுக்கிறேன்.

"ஒங்களுக்கு ஏன் அண்ணே இந்தக் கஷ்டம்?" என்று தினமும் கேட்கிறார்.

"சும்மாதான் இருக்கேன்," என்கிறேன்.