சூளைக்காரரைச் சந்தேகித்த நாட்கள்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றை நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன்பு, சூளையிலிருந்து எடுக்கும் பொம்மைகளில் மயிரிழை போல விரிசல் விழ ஆரம்பித்தது. முதலில் பத்துக்கு ஒன்று, பிறகு பத்துக்கு மூன்று. காரணம் பிடிபடவில்லை.

அப்போதுதான் சென்னையில் முதலாளிகளுக்கான நிர்வாகப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். பாடம் எடுத்த ஆலோசகரின் பேச்சு பிடித்துப்போய், அவரை ஊருக்கே வரவழைத்தேன். இரண்டு நாள் எல்லாவற்றையும் பார்த்தார், சூளையை மட்டும் எட்ட நின்று. கிளம்பும்முன் என் அறைக் கதவைச் சாத்தினார்.

"சூளை மொத்தமும் ஒரே ஆள் கையில இருக்கு மேடம். அது அவருக்கும் தெரியும்தானே?"

சூளைக்காரர் நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து என்னுடன் இருப்பவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அதுவரை அவர் எங்கே நிற்கிறார், யாரோடு பேசுகிறார் என்று நான் கவனித்ததே இல்லை. இப்போது எல்லாம் கண்ணில் பட்டது. போன் வந்தால் மதில் ஓரம் போய்ப் பேசினார். நான் அந்தப் பக்கம் போனால் பேச்சை முடித்துக்கொண்டார்.

ஒருநாள் திருச்சியிலிருந்து திரும்பும்போது வேப்பூரில் டீ குடிக்கக் காரை நிறுத்தினேன். ஓட்டலுக்குள் சூளைக்காரர் உட்கார்ந்திருந்தார். எதிரே, எங்கள் பேட்டையிலேயே பொம்மை செய்யும் இன்னொரு முதலாளி. பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இவர் அவரிடம் நகர்த்தினார். நான் இறங்கவில்லை. நான் புதிதாகச் செய்த பொம்மை அச்சைத்தான் கொடுக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், மறுநாளே சூளைக்கு எதிரே கேமரா வைத்தேன். அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினேன்.

"நான் எதுனா தப்பு பண்ணிட்டனாங்க?" என்றார்.

எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்று, ஆலோசகர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். அவர் பேக்கிங் பக்கம் நடந்தார்.

மூன்று வாரம் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரிசல் குறையவில்லை, கூடியது. சூளைப் பக்கமே வராத மனிதர் எப்படிக் கெடுத்திருக்க முடியும்? அந்தக் கேள்வி தாங்காமல் அந்த முதலாளியின் தொழிற்சாலைக்கே நேராகப் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். அவர் அலமாரியிலிருந்து சுட்ட மண் வில்லைகள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று முழுசாக இருந்தது. இன்னொன்றில் விரிசல்.

"ரெண்டும் உங்க மண்ணுதாங்க. பழைய லோடு ஒண்ணு, புது லோடு ஒண்ணு. என் சூளையில வெச்சிப் பாக்கச் சொல்லி உங்க ஆளு குடுத்தாரு. மண்ணு சரியில்லன்னு உங்ககிட்ட ரெண்டு வாட்டி சொன்னாராமே?"

சொல்லியிருந்தார். மண் சப்ளை செய்பவரை மாற்றிய புதிதில் என் அறை வாசலில் வந்து நின்று சொன்னார். நான் போனில் இருந்தேன், அப்புறம் என்று கையைக் காட்டிவிட்டேன். இரண்டாவது தடவை சொன்னது எப்போது என்றுகூட எனக்கு நினைவில்லை.

பேக்கிங்கில் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சூளைக்குத் திரும்பினார். பழைய மண்ணுக்கு மாறியதும் விரிசலும் நின்றது. கேமராவைக் கழற்றினேன். மதில் ஓரம் யாரோடு பேசினார் என்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு முகமில்லை.

அதன்பிறகு நான் கூப்பிட்டால் அவர் தனியாக வருவதில்லை. பேக்கிங்கில் வேலை செய்யும் அக்கா ஒருவரையும் அழைத்துக்கொண்டு வருவார். ஏன் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"கூட ஒரு ஆளு இருந்தா நல்லதுங்க. நான் சொன்னனா, சொல்லலையான்னு நாளைக்கு பேச்சு வராது பாருங்க."

குரலில் கோபம் இல்லை. இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி, போனை அணைத்துவிட்டு, அவர் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தேன்.