பூட்டிய வீட்டில் ஒரு ஓட்டு

ஓட்டுப் போடப் போன வேகத்திலேயே அவள் திரும்பி வந்துவிட்டாள். விரலில் மை இல்லை.

“பேரே இல்லைங்கிறாக ஆச்சி. செத்தவுக, ஊரைவிட்டுப் போனவுக பேரையெல்லாம் எடுத்தாகளாம். நான் இங்கனதானே இருக்கேன்?”

எங்கள் பக்கத்துப் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். வீட்டுக்காரர்கள் சென்னையில். முன்கதவு நல்லது கெட்டதுக்குத்தான் திறக்கும். பத்து வருடமாக அவள் பின்கட்டில் தனியாகக் குடியிருக்கிறாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனிதரை மதிக்கத் தெரியாத அரசியல் என்று தினமும் தொலைக்காட்சியோடு மல்லுக்கு நிற்பவள் நான், விடுவேனா? “வாடி, என்னன்னு கேப்போம்” என்று பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனேன். அவளை மரத்தடியில் நிறுத்திவிட்டு, பட்டியலோடு உட்கார்ந்திருந்த டீச்சரிடம் போய், “உசுரோட இருக்கிறவ பேரை எவன் எடுத்தான்?” என்று கத்தினேன்.

வீடு வீடாக வந்து பெயர் சரிபார்த்தவர் அந்த டீச்சர்தான். “உங்க வீட்டுக்கு வந்தப்பப் பக்கத்து வீட்டைப் பத்திக் கேட்டேனே ஆச்சி. பூட்டிக் கிடக்கு, யாரும் இல்லைன்னு நீங்கதான் சொன்னீக. இனிமே புதுசா எழுதிக் குடுத்தாத்தான். இன்னைக்கி ஒண்ணும் செய்ய முடியாது.”

சொன்னேன். ஐயோ, சொன்னேன்தான். ஒரு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் எங்களுக்கு வீட்டுக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எங்கள் கோயில் வரிக்குத் தலை எண்ணும்போது கணவன் மனைவி சேர்ந்தால் ஒரு புள்ளி. அவர் போனபின் நான் அரைப்புள்ளி. அதற்கே ஒவ்வொரு தடவையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். இவளை நான் எண்ணவே இல்லை.

திரும்பும் வழியெல்லாம் கால் தரிக்கவில்லை. முன்னால் ஓடினேன், அவள் வரட்டும் என்று நின்றேன், மறுபடி ஓடினேன். வெயிலை, கட்சிக்காரர்களை, டீச்சரை, எல்லாரையும் திட்டினேன். “விடுங்க ஆச்சி, எவனோ தெரியாமச் சொல்லியிருப்பான்” என்று அவள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்தாள். பேசாமல் இருந்திருக்கலாம், அவளுக்குத் தெரியப்போவதில்லை. அந்த ‘எவனோ’தான் என்னைப் பிடுங்கித் தின்றது.

அவள் பின்வாசலைத் திறக்கும்போது சொல்லிவிட்டேன். “நான்தான்டி சொன்னேன், அங்க யாரும் இல்லைன்னு.”

வைவாள் என்று நின்றேன். வைதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அன்னைக்கி உங்க வீட்டு முற்றத்துலதானே ஆச்சி மொளகா காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்னது கேட்டுச்சு” என்றாள். “வீட்டுக்காரவுகளைத்தான் கேக்குறாகன்னு நானும் பேசாம இருந்துட்டேன்.”